வளரிளம் வாசகருக்கான மாயப்புனைவும் அறிவியல் புனைவும்: திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவரை முன்வைத்து ஒரு மொழியியல் நோக்கு

பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையுள்ள மாணவர் தாமாக விரும்பிப் படிக்கும் நூல்களுள் மாயப்புனைவும் அறிவியல் புனைவும் முன்னிற்கின்றன. எந்த நூலை எந்த வயதில் கொடுக்கலாம் என்னும் வினாவிற்கு ஆசிரியரும் நூலகரும் பெரும்பாலும் கதைப்பொருளை வைத்தே விடை கூறுகின்றனர். கதை அச்சமூட்டுமா, நல்லொழுக்கத்திற்கு மாறாகுமா, அதில் வரும் அறிவியற் செய்தி பொருத்தமானதா என்பன அவர்கள் கேட்கும் கேள்விகள். இவை தேவையற்றவை அல்ல. ஆயினும் தமிழில் ஒரு நூலைப் பரிந்துரைக்கும்போது இவற்றிற்கு முன்னதாகக் கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இல்லாத உலகத்தையும் இல்லாத உயிரையும் இன்னும் செய்யப்படாத கருவியையும் அந்நூல் எத்தகைய சொல்லாலும் எத்தகைய வினைமுடிபாலும் சொல்கிறது என்பதே அக்கேள்வி. நடப்பியல் நாவலில் மொழி சற்றே பிசகினும் வாசகர் தம் அனுபவத்தைக் கொண்டு இட்டு நிரப்பிக்கொள்வர். மாயப்புனைவில் அவ்வாறு நிரப்பிக்கொள்ள வாசகரிடம் முன்னனுபவம் இல்லை. சொல்லே அங்குப் பொருளாகவும் நிற்கிறது. இக்கருத்தைத் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மாணவரை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வாசகரின் மொழிச்சூழல்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. தலைநகரமாகிய திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. அங்குத் தலைமுறைகளாகக் குடியிருந்த தமிழரும் அங்கேயே நின்றனர். கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெரு, கோட்டைப் பகுதி ஆகிய இடங்களில் வீட்டுமொழி தமிழாக உள்ள குடும்பங்கள் இன்றும் பல. மனோன்மணீயம் (1891) இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை பேராசிரியராகப் பணியாற்றியது இந்நகரில்தான். நீல பத்மநாபனும் ஆ. மாதவனும் இந்நகரின் தெருக்களையே தமிழ்ப் புனைகதையாக்கினர். ஆனால் அவர்கள் எழுதியது வளர்ந்தோருக்கு.

இக்குடும்பங்களில் வளரும் மாணவர் வீட்டில் தமிழும், பள்ளியிலும் தெருவிலும் மலையாளமும், தேர்விற்கு ஆங்கிலமும் என மும்மொழிச் சூழலில் உள்ளனர். பேச்சில் தமிழ் நிலைத்திருக்கிறது. படிப்பில் அது தொடக்கப்பள்ளி வாசகத்தோடு நின்றுவிடக்கூடியது. இருநூறு பக்கத் தமிழ் நூல் ஒன்றைக் கட்டாயமின்றி முடிக்கும் பழக்கம் பதினாறு வயதிற்குள் அமையாவிடின் பின்னர் அமைவது அரிது. எனவே இவ்வயதினருக்கான நூற்பரிந்துரை என்பது பொழுதுபோக்கிற்கு வழிகாட்டல் மட்டுமன்று. ஒரு குடும்பத்தில் எழுத்துத் தமிழ் அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் செல்லாமையும் இதனைப் பொறுத்ததாகும்.

போட்டியாக நிற்பது மலையாளத்தின் வளமான சிறுவர் எழுத்து. 1962இல் தோன்றிய கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத் 1969இல் சாஸ்த்ரகேரளம் என்னும் இதழையும், 1970இல் யுரீக்கா என்னும் சிறுவர் இதழையும் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 1981இல் அமைந்த மாநிலக் குழந்தை இலக்கிய நிறுவனம் நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. தமிழில் இவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் (1987). ஆனால் அது சென்னையிலிருந்து வரவேண்டும். இவை கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. 1829இல் தொடங்கப்பட்ட மாநில மைய நூலகத்தில் தமிழ் நூற்பிரிவு உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

இன்னொரு சிறப்பும் கருதத்தக்கது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது இந்நகரை அடுத்த தும்பாவில். மீனவர் ஊரின் தேவாலயக் கட்டடமே அந்நாளில் ஆய்வர்களின் பணியிடமாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். அறிவியல் புனைவு என்பது இங்குள்ள மாணவருக்குத் தொலைநாட்டுச் செய்தியன்று. அண்டை வீட்டாரின் அலுவலகமே அதன் களம்.

ஒரே வடிவம், வேறு பொருள்

மலையாளமும் தமிழும் பகிர்ந்துகொண்டுள்ள வடசொற்கள் பல. அவற்றின் பொருள் இரு மொழியிலும் ஒன்றாக இல்லை. இது ஒப்பிலக்கணத்தார் அறிந்ததே. ஆனால் புனைவுலகைச் சுட்டும் அடிப்படைச் சொற்களிலேயே இவ்வேறுபாடு நெருக்கமாக அமைந்திருப்பது போதிய கவனம் பெறவில்லை.

சாஸ்திரம் என்பது மலையாளத்தில் அறிவியல். பரிஷத்தின் பெயரே அதற்குச் சான்று. தமிழ் வழக்கில் சாஸ்திரம் என்றால் வைதிக நூல், சடங்கு முறை, சோதிடம் ஆகியவை நினைவிற்கு வரும். கற்பனை என்பது தமிழில் மனத்தின் படைப்பாற்றல். மலையாளத்தில் கல்பன என்பதற்குக் கட்டளை என்னும் பொருளே வழக்கில் முன்னிற்கும். விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை அவர்கள் பத்துக் கல்பனகள் என்பர். மலையாளத்தில் படைப்பாற்றலைச் சுட்டுவது பாவன. தமிழில் பாவனை என்பது நடிப்பு, போலச்செய்தல். ஆகவே 'கற்பனைக் கதை' என்னும் எளிய தமிழ்த்தொடர்கூட இவ்விரு மொழிச் சூழலில் வளரும் மாணவரை ஒரு நொடி தயங்கச் செய்யக்கூடும். இத்தயக்கம் குறையன்று. அதனை அறியாமல் நூலைக் கையளிப்பதே குறை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜே.கே. ரவுலிங்கின் முதல் நாவலின் தலைப்பு. ஆங்கிலத்தில் 1997இல் வெளிவந்த இந்நாவலின் தலைப்பிலுள்ள கல், ஐரோப்பிய இரசவாதிகள் தேடிய கல். அது தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும்; வாழ்நாளை நீட்டிக்கும் அமுதத்தையும் தரும். அமெரிக்கப் பதிப்பிற்கே அத்தலைப்பு விளங்காது என்று கருதி மாற்றிவிட்டனர். மலையாளத்தில் இராதிகா சி. நாயர் அதனை ரசாயனக்கல் என்றார். தமிழில் பி.எஸ்.வி. குமாரசாமி ரசவாதக் கல் என்றார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தா. தமிழில் ரசாயனம் என்பது வேதிப்பொருளைச் சுட்டும் அன்றாடச் சொல்லாகிவிட்டது: ரசாயன உரம், ரசாயனக் கழிவு. பள்ளிப் பாடத்தில் வேதியியல் என்னும் சொல் வேரூன்றிய பின்னரும் ரசாயனம் தொழிற்சாலையை விட்டு வெளியே வரவில்லை. இலங்கைப் பாடநூல்களில் இரசாயனவியல் என்பதே இன்றும் பாடப்பெயர். எனவே ரசாயனக் கல் என்று தமிழில் எழுதினால் மாயம் கெட்டு உரக்கிடங்கின் நெடி வீசும். மலையாளத்தில் நிலைமை வேறு. அங்குப் பாடப்பெயர் ரசதந்த்ரம். உரத்திற்கு ராசவளம் என்று தனிச்சொல் உண்டு. ரசாயனம் என்னும் சொல் ஆயுர்வேதத்தில் உடலைப் புதுப்பிக்கும் மருந்தைச் சுட்டும் பழம்பொருளோடு உயிர்வாழ்கிறது.

இதனால் விளையும் நயம் ஒன்றும் உண்டு. அக்கல்லிற்கு ஆற்றல் இரண்டு. ரசவாதம் என்னும் தமிழ்ச்சொல், சித்தர் மரபின் வழியாகப் பொன்செய்தலை முன்னிறுத்துகிறது. ரசாயனம் என்னும் மலையாளச் சொல் வாழ்நாள் நீட்டித்தலை முன்னிறுத்துகிறது. ஒரு நாவலின் இரு பாதிகளை இரு மொழிகள் பகிர்ந்துகொண்டன எனலாம். இரு மொழிப் பதிப்பையும் அருகருகே வைத்துப் படிக்கக்கூடிய வாய்ப்பு திருவனந்தபுரத்து மாணவருக்கு எளிதில் அமைகிறது. அவருக்கு இந்நாவலைப் பரிந்துரைக்கும் ஆசிரியர் தலைப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

வானியற் சொற்களில் தமிழின் கைவண்ணம் சற்று மேலானது என்பது என் கருத்து. கோள், துணைக்கோள், குறுங்கோள், செயற்கைக்கோள் என ஓரசைச் சொல் ஒன்றிலிருந்து குடும்பமே கிளைத்துள்ளது. மலையாளத்தின் கிரகம், உபகிரகம், சின்னகிரகம் என்பவையும் ஒழுங்கானவையே. ஆனால் கிரகம் அங்குச் சோதிடருக்கும் வானியலாருக்கும் பொதுச்சொல். நகரத்துப் பெயர்ப்பலகையில் பஹிராகாசம் என்று மலையாளத்தில் படிக்கும் மாணவர் தமிழ் நூலில் விண்வெளி என்று காணும்போது இரண்டும் ஒன்றென உணரச் சிறிது நேரமாகும். உணர்ந்தபின் விண், வெளி என்னும் இரண்டு சொற்களும் அவருக்கு உரியவையாகிவிடும். பொருளைப் பிரித்தறியத்தக்க ஆக்கச்சொல்லை உடைய நூல், கற்பிக்கும் நூலாகவும் அமைகிறது. பிரித்தறிய இயலாத ஒலிபெயர்ப்பை மட்டுமே நிரப்பிய நூலில் அவ்வாய்ப்பு இல்லை. அதற்காக ராக்கெட்டை ஒவ்வோரிடத்தும் ஏவூர்தியாக்கியே தீரவேண்டும் என்று வற்புறுத்துவதும் சரியன்று. கதை ஓடவேண்டும்.

வினைமுற்றும் திணையும்

சொல்லினும் பெரிய சிக்கல் வினைமுடிபில் உள்ளது. ஏ.ஆர். இராசராச வர்மா கேரள பாணினீயத்தில், தமிழினின்று மலையாளம் பிரிந்து நிற்பதற்குக் காரணமாகக் கூறும் ஆறு நயங்களுள் புருஷபேத நிராசம் ஒன்று. வினைமுற்று இடம், பால், எண் காட்டும் விகுதியை இழந்தமை இதன் பொருள். அவன், அவள், அது என்னும் சுட்டுப்பெயர்கள் மலையாளத்திலும் உண்டு. ஆனால் வினை யாவர்க்கும் ஒன்றே. பெயரை விட்டுவிட்டால் பேசியது யார், எது என்பது மறைந்துவிடும். தமிழில் எழுவாயை விட்டாலும் விகுதி விடாது.

'கதவு திறந்தது, உள்ளே வந்து தன்னை உற்றுநோக்கிப் பேசத் தொடங்கியது' என்று ஓர் அறிவியல் புனைவின் முதல் தொடர் அமைந்ததாகக் கொள்வோம். வந்தது மனிதரா, பொறியா, வேற்றுக்கோள் உயிரா என்பதைப் பத்துப் பக்கம் கழித்தே வெளியிட ஆசிரியர் எண்ணியிருக்கலாம். மலையாளத்தில் 'தொடங்ஙி' என்று எழுதி அம்மறைவைக் காக்கலாம். தமிழில் 'தொடங்கியது' என்ற அளவிலேயே மனிதர் அல்லர் என்பது வெளிப்பட்டுவிட்டது. 'தொடங்கினான்' என்றால் அதற்கு மாறான முடிவு வெளிப்பட்டுவிட்டது. வினையெச்சம், தொழிற்பெயர், 'ஒரு குரல் கேட்டது' போன்ற தொடர்களைக் கொண்டு மொழிபெயர்ப்பாளர் தப்ப முயல்வதுண்டு. மூன்று பக்கம் தப்பலாம். முந்நூறு பக்கம் தப்பினால் நடை செத்துவிடும். தமிழாக்கப் புனைவுகள் சிலவற்றில் தென்படும் விளக்கவியலாத சோர்விற்கு இத்தப்பித்தலும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

பேசும் விலங்கும் எண்ணும் பொறியும் எத்திணை? நம் இலக்கணிகள் இதனை எண்ணாதவர் அல்லர். தொல்காப்பியர் மக்கள் என்று கருதப்படுவனவற்றை உயர்திணை என்றார். நன்னூலார் தேவரையும் நரகரையும் உடன் சேர்த்தார். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, ஆறாவதாகிய மனத்தை மக்களுக்கு உரியதாக்கிய பின்னர், விலங்கினுள்ளும் ஒருசாரனவற்றிற்கு அது உண்டு என்று இடம் விடுகிறது. நன்னூல், கேட்பனபோலவும் பேசுவனபோலவும் இயங்குவனபோலவும் செய்வனபோலவும் அஃறிணைப் பொருளைக் கூறும் வழக்கினை ஏற்கிறது. அங்கே 'போல' என்னும் உவமவுருபு முதன்மையானது. அறிவியல் புனைவின் பொறி கேட்பது போலன்று, கேட்கவே செய்கிறது. பேசுவது போலன்று, பேசவே செய்கிறது. நான்கு ஆற்றலும் உண்மையாகவே வாய்த்த அஃறிணையை இலக்கணம் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் வழியைத் திறந்தே வைத்தது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணை மயங்கலாம் என்பது நன்னூலின் வழுவமைதி. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு. கன்றுகாலி வளர்க்கும் எந்த வீட்டுச் சிறுவர்க்கும் இது விளங்கும்.

ஆகவே தமிழின் விகுதி புனைவாசிரியர்க்குத் தளை மட்டும் அன்று. அது கருவியும் ஆகும். பொறியொன்று கதைத் தொடக்கத்தில் 'சொன்னது' என்றும், தன் உடைமையாளருக்காக அது தன்னை அழித்துக்கொள்ளத் துணியும் இடத்தில் 'சொன்னான்' என்றும் முடிக்கப்படுமாயின், ஒரு விகுதி மாற்றம் ஓர் அத்தியாயத்தின் வேலையைச் செய்துவிடும். மலையாள வினை இதனைச் செய்ய இயலாது.

நாவல்கள் சில

இந்நோக்கில் முதலில் பரிந்துரைக்கத்தக்கவை சுஜாதாவின் என் இனிய இயந்திரா, அதன் தொடர்ச்சியாகிய மீண்டும் ஜீனோ ஆகிய இரண்டும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தவை இவை. ஜீனோ ஒரு பொறிநாய். நூல் படிக்கும், வாதாடும், நகைச்சுவை பேசும். கதைகூறுபவர் அதன் பேச்சை 'என்றது' என்றே முடிக்கிறார். ஆனால் தலைப்பு 'இயந்திரா' என்று விளிக்கிறது. இயந்திரம் என்னும் அஃறிணைப் பெயரின் ஈறு நீங்கி, உயர்திணை ஆண்பாற் பெயர் ஏற்கும் விளிவடிவம் வந்துவிட்டது. அன்பினால் நேர்ந்த திணை மயக்கத்திற்கு இதனினும் எளிய பாடம் கிடைக்காது. தலைப்பிற்கும் கதைக்கூற்றிற்கும் இடையிலுள்ள இந்த இழுபறியே நாவலின் உயிர்ப்பொருள் என்றும் கூறலாம். நிலா, சிபி, ரவி, ஜீவா, ஜீனோ எனப் பெயர்கள் யாவும் ஈரெழுத்தாக அமைந்து, மனிதர்க்கும் நாய்க்கும் வேறுபாடின்றி நிற்பதையும் மாணவர் தாமே கண்டுகொள்வர். தொடர்கள் குறுகியவை, எழுத்துத் தமிழில் பழகாதவருக்கும் கடினமில்லை. சுஜாதாவின் ஆங்கிலக் கலப்பைக் குறைகூறுவோர் உண்டு. திருவனந்தபுரத்து மாணவருக்கு அக்கலப்பு ஒரு கைப்பிடிச் சுவர் போன்றது. படி ஏறியபின் அதனை விட்டுவிடலாம்.

ஜெயமோகனின் பனிமனிதன் தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்த நாவல். இமயப் பனிவெளியில் கிம் என்னும் சிறுவனும் பாண்டியன் என்னும் படை அதிகாரியும் மேற்கொள்ளும் தேடல் அது. தேடப்படுவது விலங்கா, மனிதனா என்பதே கதையின் வினா. தலைப்பின் 'அன்' ஈறு அவ்வினாவிற்கு விடை கூறுவது போலத் தோன்றி, விடையைத் தள்ளிவைக்கிறது. இந்நாவலைப் படிக்கும் மாணவரிடம், அவ்வுயிரைக் குறிக்கும் வினைமுற்றுகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு வரச்சொன்னால் போதும். தனியே இலக்கணப் பயிற்சி வேண்டியதில்லை. மலையாள வழியில் கற்று, விகுதியில் இடறும் மாணவருக்கு இது மிகவும் பயன்தரும். ஆசிரியர் குமரி மாவட்டத்தவர், மலையாளத்திலும் எழுதுபவர். அவருடைய விசும்பு என்னும் அறிவியல் புனைகதைத் தொகுதியைப் பதினைந்து வயதிற்கு மேல் கொடுக்கலாம். சித்த மருத்துவம், ரசவாதம் முதலிய மரபறிவுகளை அடித்தளமாகக் கொண்டு அறிவியல் வினா எழுப்பும் கதைகள் அவை. ரசவாதக் கல்லின் வழியே வந்த வாசகர் அச்சொல்லின் சொந்த வீட்டை அங்கே காண்பர். விண்வெளி என்னும் புத்தாக்கத்திற்கு அருகில் விசும்பு என்னும் சங்ககாலச் சொல்லை வைத்துப் பார்ப்பதும் ஒரு பயிற்சி.

மொழிபெயர்ப்புகளுள் குட்டி இளவரசன் தனித்து நிற்கிறது. பிரெஞ்சிலிருந்து நேரே வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பெயர்த்து, க்ரியா 1981இல் வெளியிட்ட நூல் அது. குறுங்கோளில் வாழும் சிறுவன், பேசும் மலர், பேசும் நரி. பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லிற்கும் பால் உண்டு. மலர் பெண்பால், நரி ஆண்பால். அப்பால் இலக்கணம் பற்றியதேயன்றி மதிப்பைப் பற்றியதன்று. நாற்காலியும் அங்குப் பெண்பாலே. மலரைப் பெண்பாற் சுட்டுப்பெயரால் குறிக்கும் பிரெஞ்சு ஆசிரியர் அதனை மகளிருள் ஒருத்தி என்று கூறிவிட்டதாகவும் கொள்ளலாம், கூறவில்லை என்றும் கொள்ளலாம். அவ்வையத்தைத் தமிழில் பெயர்க்க வழியில்லை. 'அவள்' என்றால் உயர்திணையாக்கியதாகும். 'அது' என்றால் காதலின் பாதி போய்விடும். பெயர்த்தோர் எடுத்த முடிவை ஒவ்வோரிடத்தும் நிறுத்திப் படிப்பது மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர்க்கு நல்ல பாடம். பன்னிரண்டு வயதினர் நிறுத்தாமலே படித்து மகிழ்வர், அதுவும் போதும்.

ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451 (ஆங்கில மூலம் 1953) வெ. ஸ்ரீராமின் தமிழில் கிடைக்கிறது. நூல்களைக் கொளுத்துவதே தீயணைப்புத் துறையின் பணியாகிவிட்ட நாட்டின் கதை அது. ஆங்கிலத்தில் அப்பணியாளரைக் குறிக்கும் சொல்லில் தீயும் மனிதனும் மட்டுமே உள்ளன, அணைத்தல் இல்லை. எனவே கொளுத்துபவருக்கும் அதுவே பெயராக முடிகிறது. தமிழிலோ அணைப்பு என்பது பெயருக்குள்ளேயே உள்ளது. மலையாளத்தின் அக்னிசமனம் என்பதும் அத்தகையதே. மூலத்தின் அங்கதம் இரு மொழியிலும் வேறு வழியே வரவேண்டியுள்ளது. மொழிபெயர்ப்பாளர் அதனை எவ்வாறு கொணர்ந்தார் என்பதை மாணவர் நூலிலேயே கண்டறியட்டும். இங்கே கூறிவிட்டால் சுவை கெடும். பதினைந்து வயதிற்குக் கீழ் இந்நூல் வேண்டா என்பது என் எண்ணம். கதையின் கொடுமை காரணமன்று. இழந்த ஒன்றை எண்ணி ஏங்கத் தெரிந்த வயதில்தான் அது பிடிபடும்.

ஆங்கில மூலத்தையே படித்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. படிக்கட்டும். ஆங்கிலத்தில் படிப்பதற்குப் பரிந்துரை செய்ய இந்நகரில் ஆட்கள் பலர் இருக்கின்றனர்.

மந்திரவாதியும் யட்சியும்

ஐரோப்பிய மாயப்புனைவைப் பெயர்ப்பதில் பெரிதும் இடர்தருவன மாயம் செய்வோரின் பெயர்கள். தமிழில் மந்திரவாதி என்றால் ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளியின் உடலில் உயிரை ஒளித்துவைப்பவன். அல்லது பேயோட்டப் பணம் பெறுபவன். இருவரும் பள்ளிக்கூடம் நடத்தும் முதியவருக்குப் பொருந்தார். சூனியக்காரி என்பதோ வசைச்சொல். பதினொரு வயது மாணவியை அச்சொல்லால் குறித்தால் கதை தலைகீழாகும். மலையாளத்தில் மந்திரவாதிக்குச் சற்றே உயர்வான மரபும் உண்டு. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுதிகளாக வெளியிட்ட ஐதிஹ்யமாலையில் வரும் கடமற்றத்துக் கத்தனார், யட்சியை அடக்கிய பாதிரியார். அவரை மந்திரவாதி என்பது இழிப்பாகாது. எனவே ஒரே சொல்லை இரு மொழிப் பதிப்பிலும் காணும் மாணவர் இரு வேறு மனிதரைக் காண்கிறார்.

யட்சியின் செய்தி இதனினும் நுட்பமானது. கள்ளியங்காட்டு நீலி மலையாளத்தில் யட்சிக் கதையாகவும், குமரிப் பகுதியில் வில்லுப்பாட்டாகவும் வழங்குகிறாள். நாகர்கோவிலையடுத்த அவ்விடம் இரு மொழியாருக்கும் பொது. வடமொழி யட்சி தமிழில் இயக்கி என்றாகி, இசக்கி என்று திரிந்தது. திரிந்தபோது தன்மையும் திரிந்தது. திருநெல்வேலி, குமரிப் பகுதிகளில் இசக்கியம்மன் பிள்ளை காக்கும் தாய்த்தெய்வம். இசக்கி, இசக்கியம்மாள் என்று மக்களுக்குப் பெயரிடுவர். எல்லைக்கு அப்பால் யட்சி, பாலைமரத்தடியில் வெள்ளையுடுத்து நின்று சுண்ணாம்பு கேட்டு வழிப்போக்கரை மயக்கி உயிர்குடிப்பவள். கத்தனார் கதைகளை இவ்வயதினர்க்குத் தமிழில் தர முற்படுவோர் யட்சியை, சொற்பிறப்பு சரியாக இருக்கிறது என்று கருதி, இசக்கி என்று பெயர்ப்பாராயின், மாணவரின் பாட்டி பொங்கலிடும் அம்மனின் தலையில் பாதிரியார் ஆணியறைந்ததாக முடியும். பேய் என்பதும் பொருந்தாது. பேய் தமிழில் 'வந்தது' என்றே முடியும், யட்சியோ எழுவாய் இல்லாத தொடரிலும் 'வந்தாள்' என்றே வருபவள். தெய்வத்தைச் சுட்டும் பெயர் தனக்கெனப் பால்காட்டும் ஈறு இன்றி, உயர்திணை ஈற்றால் முடியும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுவது இவளுக்கும் பொருந்தும். யட்சி என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் பாலைமரத்தையும் சுண்ணாம்பையும் கதைக்குள்ளேயே காட்டிவிடுவது நலம். அடிக்குறிப்பு வேண்டியதில்லை, இவ்வயதினர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.